பதினாறாம் நாள் இரவு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் அப்பா காலமானார். எடுக்கும்வரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ ஓடியது. கடைசிக் காட்சியில் கதறிவிட்டேன். என் மகன் சிரித்தான். பெற்றவருக்கு அழாதவன் சினிமாவுக்கு அழுகிறேன் என்றால் என் உணர்ச்சியே போலியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மூத்த மகன் என்று ஊகிக்கிறேன். குளிர்பெட்டிக்குச் சொல்லி, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்து, எந்த அத்தையை யார் அழைத்து வருவது என்று முடிவுசெய்து, வந்தவர் ஒவ்வொருவரிடமும் “ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டார்” என்று முதலிலிருந்து சொல்லி... இதற்கு நடுவில் எங்கே அழுவது? படம் பார்க்கும்போதுதான் உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அழுகை நான்கு காரணங்களால் வரும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு நமக்குத் தெரியும். அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்று உரை சொல்கிறது. நீங்கள் பார்த்த, 1961இல் வந்த பீம்சிங் படத்தில், செல்வாக்காக இருந்த சிவாஜி பார்வையிழந்து, தங்கை சாவித்திரியிடம் “கை வீசம்மா” என்று தடுமாறுவது அசைவுதான். நீங்களும் அன்று காலைவரை மகன். காரியம் முடிந்ததும் வீட்டுக்குப் பெரியவர். உங்களை அழவைத்தது இழவைவிட அதுவாக இருக்கலாம். அதில் போலி எங்கே வந்தது?

என்னைக் கேட்டால், ‘பாசமலர்’ எனக்கு ஒத்துவராது. “அழு, அழு” என்று வசனம் பின்னாலேயே துரத்துகிறது. எனக்கு ‘மூன்றாம் பிறை’. மழையில் கேத்தி ரயில் நிலையத்தில் கமல் வண்டியோடு ஓடி, குரங்காட்டம் ஆடிக்காட்டுவார். உள்ளே இருக்கும் ஸ்ரீதேவிக்கு அடையாளம் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒருநாள் அக்காவை மதுரைக்கு ரயிலேற்றப் போனேன். வண்டி நகர்ந்ததும் என்னையறியாமல் ஜன்னலோடு சேர்ந்து ஓடினேன். அவள் பதறிப்போய், “என்னடா, சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேனா?” என்றாள். திங்கட்கிழமை திரும்பிவிடுகிறவளுக்கு அவ்வளவு ஓட்டம் தேவையில்லை. ஓட்டம் சினிமாவிலிருந்து வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். தொண்டை அடைத்தது மட்டும் என்னுடையது. அவள் கல்யாணமாகிப் போனபோதே அடைத்திருக்க வேண்டியது. அன்று நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன்.

மகன் சிரித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கும் ஒரு படம் இருக்கும், உங்களுக்குக் காட்டமாட்டான்.

ஒன்று கேட்க வேண்டும். ‘பாசமலர்’ படத்துக்கு உங்களை முதன்முதலில் அழைத்துப் போனது யார்? அப்பாவா?

அன்புடன்.