பால் சேரவில்லை என்பவர்களுக்கு: கேள்வி பதில்

பால் குடித்தால் வயிறு படுத்துகிறது என்பவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் உணவியல் ஆலோசகர், மருத்துவர் இல்லை. எனக்கும் பால் சேராது. ஆனால் தினமும் காலையில் காபி குடிக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேலம், 34 வயது: சின்ன வயதில் தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்தவன் நான். இப்போது ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடாவென்று சத்தம், அப்புறம் பேதி. திடீரென்று எப்படி வரும் சார்?

திடீரென்று வரவில்லை, மெதுவாக வந்ததை இப்போதுதான் கவனிக்கிறீர்கள். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கச் சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது தாராளமாக இருக்கும். பிறகு உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, பேதி அதனால்தான். அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது, உப்பசமும் சத்தமும் அதனால்.

பெரியவர்களான பிறகும் சிலருக்கு நொதி குறையாமல் இருப்பதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2002-ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது வட இந்தியாவில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. ஆகவே நம் ஊரில் பால் சேராதது நோய் இல்லை, சாதாரண விஷயம்.

மதுரை, ஒரு அம்மா: பையனுக்குப் பால் அலர்ஜி என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பால் குடித்தால் வயிறு வலிக்கிறது என்பான், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தது சரிதானே?

அலர்ஜி வேறு, லாக்டோஸ் சேராதது வேறு. அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இளைக்கும். ஒரு சொட்டுகூட உயிருக்கு ஆபத்தாகலாம், நெய்யைக்கூட நம்ப முடியாது. லாக்டோஸ் சேராதது வயிற்றோடு நின்றுவிடும். அவஸ்தைதான், ஆபத்து இல்லை. பையனுக்கு எது என்று குழந்தை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு அதையே எழுதிக் கொடுங்கள். அலர்ஜி இல்லாத பிள்ளையை அலர்ஜி என்று எழுதி வைத்தால், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குக்கூடப் பயந்து பயந்து அனுப்ப வேண்டியிருக்கும்.

கும்பகோணம்: காபியை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் 5 கிராம். பால் சேராதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை பெரிய தொல்லையில்லாமல் தாங்குவார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. ஆகவே கேள்வி "பால் ஆகுமா, பாலே கூடாதா" என்பதல்ல, உங்கள் வயிறு எவ்வளவு வரை தாங்கும் என்பதுதான். அதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் இரண்டு வாரம் பால், ஐஸ்கிரீம், பால் இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கியதா என்று பாருங்கள். அடங்கினால் 50 மில்லி பாலில் தொடங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், இட்லி சாப்பிட்ட பிறகு. இரண்டு மூன்று நாள் அதே அளவு, பிறகு 100, பிறகு 150. எந்த அளவில் வயிறு முனக ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒரு படி கீழே உங்கள் அளவு. கண்ணால் அளக்காதீர்கள். வீட்டு டம்ளரில் ஒருமுறை அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாம் "கொஞ்சம் பால்" என்று நினைப்பது பல வீடுகளில் 150 மில்லிக்குக் குறையாது.

இன்னொன்று. டிகாஷனே சிலருக்குக் குடலைத் தூண்டிவிடும். ஒருநாள் பால் இல்லாமல் கடுங்காபி குடித்துப் பாருங்கள். அதற்கும் ஓட வேண்டியிருந்தால் பழியைப் பால் மேல் போடாதீர்கள்.

திருநெல்வேலி, இன்னும் நாலைந்து பேர்: தயிர், மோர், நெய், பனீர், பால்கோவா, இதில் எது ஆகும், எது ஆகாது?

நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். வெண்ணெயில் மிகக் குறைவு. பனீரில் பால் திரிந்து வடிந்த தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடும், அளவாகச் சாப்பிட்டால் பலருக்குப் பிரச்சினை இல்லை. நாள்பட்ட சீஸிலும் அப்படியே.

தயிர் நம் கூட்டாளி. உறையும்போது பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கை அமிலமாக்கிவிடுகிறது. மீதியை உடைக்க, அதே பாக்டீரியாவின் நொதி நம் குடலுக்குள் வந்தும் உதவுகிறது. இரவு உறை ஊற்றி நன்றாகப் புளித்த வீட்டுத் தயிர் நல்லது. கெட்டியாக இருக்க வேண்டும் என்று பால் பவுடர் கலந்த கடைத் தயிரும், இனிப்பு யோகர்ட்டும் அந்த அளவுக்கு இல்லை. மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் பாக்டீரியாவின் உதவி போய்விடும். ஆனால் தட்டில் விழும் மோரின் அளவு குறைவு என்பதால் பெரும்பாலும் தெரியாது. நீர்மோர் தாராளமாகக் குடிக்கலாம்.

பால்கோவாவில்தான் மாட்டிக்கொள்வீர்கள். பாலைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, லாக்டோஸ் அப்படியே தங்கிவிடுகிறது. கோவா, குலாப் ஜாமூன், பாசந்தி, உங்கள் பக்கத்து மதுரையின் ஜிகர்தண்டா எல்லாம் இந்த வகை. உங்கள் ஊர் அல்வாவைப் பற்றிப் பயமே வேண்டாம். அது கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில், சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது.

கோவை: ஆறு மாதத்துக்கு முன்தான் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டில் விசேஷம் என்றால் சேமியா பாயசம். வேண்டாம் என்றால் "ஒரு கரண்டிதானேம்மா" என்கிறார்கள். குடித்தால் ராத்திரி முழுக்க அவஸ்தை. எப்படிச் சொல்வது?

பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள், அதுதான் முதல் விஷயம். இலை முன்னால் நாலு பேர் பார்க்க "எனக்கு ஆகாது" என்றால் சமைத்தவருக்கு முகம் வாடிவிடும். முந்தின நாள் சமையலறையில் காய் நறுக்கும்போது சொல்லுங்கள்: "அத்தை, பால் குடிச்சா எனக்கு வயிறு ஆகறதில்லை. நெய், தயிர் எல்லாம் சாப்பிடுவேன். நாளைக்கு நான் ஒரு பருப்புப் பாயசம் வைக்கட்டுமா?" எது சாப்பிட மாட்டேன் என்பதைவிட, எது சாப்பிடுவேன் என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் எடுபடும். பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால், நெய்யில் வறுத்த முந்திரி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெல்லப் பாகு நன்றாக ஆறிய பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

தப்பிக்கவே முடியாத இடத்தில் சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொள்ளுங்கள். சோறும் பருப்பும் வயிற்றில் இருந்தால் பால் மெதுவாக இறங்கும், தொல்லை குறையும். லட்டு, அதிரசம், நெய் மைசூர்பாகு, பழனிப் பஞ்சாமிர்தம் எல்லாம் சாப்பிடலாம். இனிப்பின் பெயரில் "மில்க்" என்று இருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே விஷயத்தில் ஒரு கல்யாணப் பெண்ணும் கேட்டிருந்தார், பால்பழம் கொடுக்கும்போது என்ன செய்வது என்று. ஒரு ஸ்பூன் பாலில் ஏறக்குறைய கால் கிராம் லாக்டோஸ்தான். நிம்மதியாக வாங்கிக் குடியுங்கள்.

யாழ்ப்பாணம்: எங்கட வீட்டில பால்மா போட்ட தேத்தண்ணிதான் குடிக்கிறது. மாவிலயும் இந்தப் பிரச்சினை இருக்குமோ?

இருக்கும். முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். ஆனால் ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் மா போட்டால் 4 கிராம் அளவுதான் வரும். காலை, மாலை என்று இடைவெளி விட்டுக் குடித்தால் பலருக்குச் சமாளிக்க முடியும். ஆடை நீக்கிய மாவில் லாக்டோஸ் இன்னும் கூடுதல், கிட்டத்தட்டப் பாதி. கொழுப்பு குறைவு என்று அதற்கு மாறி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சொதி தேங்காய்ப்பால் என்பதால் கவலையில்லை.

ஈரோடு: ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே? ஆட்டுப்பால்?

ஏ2-வில் மாறுவது புரதம்தான், லாக்டோஸ் அதே அளவு. ஆட்டுப்பாலில் இம்மி குறைவு, அவ்வளவே. எருமைப்பாலிலும் குறையவில்லை. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சென்னை: மூச்சுப் பரிசோதனை செய்தேன், பாசிட்டிவ். இனி பால் பக்கமே போகக்கூடாதா?

எத்தனை கிராம் கொடுத்துச் சோதித்தார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் வரை ஊதச் சொல்வார்கள். மூச்சில் ஹைட்ரஜன், ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் பாசிட்டிவ். 50 கிராம் என்பது ஒரு லிட்டர் பாலில் இருக்கும் லாக்டோஸ். ஒரு லிட்டர் பாலைத் தாங்கவில்லை என்று தெரிந்ததே தவிர, ஒரு டம்ளர் காபியைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. கும்பகோணத்துக்குச் சொன்ன அளவு முறையை நீங்களும் செய்து பாருங்கள். சோதனைக்கு முந்தைய நாலு வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முடிவை நம்ப முடியாது, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுப்புரம்: 11 மாதக் குழந்தை. வயிற்றுப்போக்கு வந்து நின்ற பிறகு, பால் கொடுத்தால் மறுபடி போகிறது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார் பாட்டி.

நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கில் குடலின் உட்சுவர் தேய்ந்து, நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். தாய்ப்பாலைத் தொடருங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள், குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். லாக்டோஸ் இல்லாத பவுடர் வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தஞ்சாவூர், 52 வயது: பாலை நிறுத்திவிட்டேன். எலும்பு தேய்ந்துவிடும் என்று மகள் பயமுறுத்துகிறாள்.

மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம், முளைகட்டினால் உடம்பில் கூடுதலாகச் சேரும். தோல் நீக்காத எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. ஆனால் இதையெல்லாம் தினமும் சாப்பிடுவேன் என்று சொல்பவர்கள் அதிகம், சாப்பிடுபவர்கள் குறைவு. ஆகவே தயிரை விடாதீர்கள். 200 கிராம் தயிரிலேயே கால் பங்கு வந்துவிடும். உங்கள் வயதில் வைட்டமின் டி-யையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெங்களூரு: லாக்டோஸ் இல்லாத பால் பாக்கெட் வாங்கினேன், தித்திக்கிறது. எனக்குச் சுகர் இருக்கிறது, சர்க்கரை சேர்க்கிறார்களா? லாக்டேஸ் மாத்திரை நல்லதா?

சர்க்கரை சேர்த்திருக்க வேண்டியதில்லை. நொதியைப் பாலிலேயே சேர்த்து லாக்டோஸைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள், அவை நாக்குக்கு அதிகம் தித்திக்கும். மொத்த மாவுச்சத்து சாதாரணப் பாலில் உள்ளதுதான். சுகர் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காபிக்குத் தனிச் சர்க்கரை போடாமல் குடித்துப் பாருங்கள். லாக்டேஸ் மாத்திரையை முதல் வாய் சாப்பிடும்போதே போட வேண்டும். வயிறு வலிக்க ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. தினப்படிக்கு இல்லாமல், கல்யாணம், பயணம் மாதிரி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி: பாலைச் சுத்தமாக விட்டு மூன்று மாதம். உப்பசம் அப்படியே இருக்கிறது அண்ணா.

அப்படியானால் தம்பி, பால் முக்கியக் குற்றவாளி இல்லை. முதலில் பிஸ்கட், பிரெட் உறைகளைப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள், பால் இருக்கலாம். பொருள்பட்டியலில் மில்க் சாலிட்ஸ் என்று இருக்கும். ஆனால் அந்த அளவுக்கு மூன்று மாதம் உப்பசம் வருவது சந்தேகம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளிலும் இதேபோல் குடலில் புளிக்கும் சர்க்கரைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஃபோட்மேப் என்ற உணவுமுறையை வகுத்திருக்கிறது. ஒரு உணவியலாளர் துணையோடு சில வாரங்கள் மட்டும் செய்வது அது, காலத்துக்கும் இல்லை.

கோதுமை மேல் சந்தேகம் இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே சீலியாக், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் கெடும் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, இவற்றில் எது இருந்தாலும் உணவுக் குறிப்பு தேடுவதை விட்டுவிட்டு குடல் மருத்துவரைப் பார்.

காஞ்சிபுரம்: பிபி மாத்திரை அட்டையில் லாக்டோஸ் என்று போட்டிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்க்கும் அளவு அது, பொதுவாக அரை கிராம்கூட இருக்காது. அதனால் வயிறு கெடுவது அபூர்வம். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. சந்தேகமாகவே இருந்தால் அடுத்த முறை போகும்போது, லாக்டோஸ் இல்லாத வேறு கம்பெனி மாத்திரை இருக்கிறதா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அதுவரை வழக்கம்போல் போடுங்கள்.