தம்பியின் விண்ணப்பத்தில் அந்த ஒரு வாக்கியம்

அம்மா, சனிக்கிழமை திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வேலை கேட்டு இத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடவா என்று கேட்டீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அவர் கடிதத்தில் இருந்த வாக்கியம் இது:

“நான் பி.காம். முடித்து இரண்டு வருடங்கள் ஆகி ஆடிட்டர் அலுவலகத்தில் பணியில் இருந்து வந்த நிலையில் டாலி மற்றும் ஜிஎஸ்டி அனுபவம் உள்ளதால் தங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வருடம் என்பது படிப்பு முடிந்து கழிந்த காலமா, ஆடிட்டரிடம் வேலை பார்த்த காலமா? ‘இருந்து வந்த நிலையில்’ என்றால் இப்போதும் அங்கே இருக்கிறாரா, நின்றுவிட்டாரா? ‘நான்’ என்று தொடங்கியது ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடிகிறது. நான் என்று எழுதிவிட்டால் கடைசியில் வேண்டுகிறேன், எழுதுகிறேன் என்று ‘ஏன்’ விகுதி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ‘நான்’ பயனிலை இல்லாமல் பாதிவழியில் நின்றுபோகும். தாலுகா ஆபீஸ் அறிவிப்புகளைப் பார்த்துப் பழகி, இப்படி எழுதினால்தான் மரியாதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அறிவிப்பை வெளியிடுவது அலுவலகம். வேலை கேட்பது உங்கள் மகன்.

கடிதத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, “அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் தம்பி?” என்று கேட்டேன். “14 கடைக் கணக்கு சார். எல்லாம் டாலியில ஏத்துவேன். மாசாமாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள்ள 3பி போட்டிருவேன்” என்றார். டாலி என்பது கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் மென்பொருள். மற்ற இரண்டும் ஜிஎஸ்டி வரிக்காகப் போடும் படிவங்கள். எவ்வளவு தெளிவு! அந்த 14 கடை கடிதத்தில் எங்கேயுமே இல்லை. அவர் சொன்னதையே எழுதவைத்தேன்:

“பி.காம். முடித்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகத் திருமங்கலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 14 கடைகளின் கணக்கை டாலியில் பதிகிறேன். அவற்றுக்கு மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1, 3பி படிவங்களை உரிய தேதிக்குள் தாக்கல் செய்கிறேன். உங்கள் நிறுவனத்தில் கணக்காளர் பணிக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

தம்பி, இனி எதை எழுதினாலும் முதலில் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘யார்?’ என்று கேளுங்கள். பதிலாக வருகிறவர்தான் வாக்கியத்தின் தொடக்கத்திலும் இருக்க வேண்டும். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். ‘இரண்டு ஆண்டுகளாக’ போன்ற சொல் எந்த வினைக்கு உரியதோ அதை ஒட்டியே இருக்கட்டும்.

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதப் போவதாகவும் சொன்னார். அதில் தமிழுக்கு 100 கேள்விகள், 150 மதிப்பெண். 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இந்தப் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும்.

இங்கிலீஷ் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். தமிழில் யார், என்ன, எத்தனை என்று எழுதப் பழகட்டும். அதை இங்கிலீஷில் கொண்டுபோவது அவ்வளவு கஷ்டமில்லை.

எட்டாவதுதான் படித்திருக்கிறேன், எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினீர்களே, அம்மா, அவர் எழுதும் அடுத்த கடிதத்தை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தத் தாளோடு அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள்.