முன்பணம் கேட்காத ஒர்க் ஃப்ரம் ஹோம் வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். விண்ணப்பித்த இடமெல்லாம் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் தேடிய இடங்களில்தான் நீங்களும் தேடுகிறீர்கள் போல. வீட்டை விட்டு நகர முடியாத காரணமும் ஏதாவது இருக்கும். எனக்கு அம்மாவின் பக்கவாதம்.

எட்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். விவரம் தெரியாமல் மாட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். படிவம் நிரப்பும் வேலை, கட்டணமே கிடையாது என்றார்கள். அதனால்தான் நம்பினேன். ஸ்கேன் செய்த படத்தைப் பார்த்து அவர்களுடைய சாஃப்ட்வேரில் டைப் செய்ய வேண்டும். ஏழு நாளில் 500 படிவம், 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். படங்களோ ஒரே மங்கல். பூஜ்யமா, ஓ என்ற எழுத்தா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து 463 முடித்தேன்.

எட்டாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. நான் செய்ததில் 71 சதவீதம்தான் சரியாம். ஒப்பந்தத்தை மீறிவிட்டேன், சாஃப்ட்வேர் கட்டணத்தைக் கட்டாவிட்டால் வழக்கு என்றார்கள். மதியமே வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ், முத்திரையோடு. அதில் என் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் தனியாகத் தெரிந்தது. அதைக் கவனித்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. கட்டிவிட்டேன். மறுநாள் இன்னொரு தொகை கேட்டார்கள். அப்புறம்தான் அண்ணனிடம் சொன்னேன். "வேலை செய்யச் சொன்னவன்தானே காசு தரணும்? நீ எதுக்குத் தரணும்? பிளாக் பண்ணு" என்றார். பிளாக் செய்தேன். இன்றுவரை எந்த வழக்கும் வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே "பேராசை பெருநஷ்டம்" என்பார்கள். வேலை செய்து கூலி கேட்பது எப்படிப் பேராசையாகும்? இப்போது பரவுவது 'டாஸ்க்' மோசடி. லைக் போடச் சொல்லி முதலில் சிறு தொகை தருவார்கள், பிறகு பணம் கட்டினால்தான் மீதி என்பார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு இதைப் பற்றி 2023 முழுக்க வந்த புகார்கள் சுமார் 5,000. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. இத்தனை பேரும் பேராசைக்காரர்களா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அது எங்கே உட்கார்ந்து செய்கிறோம் என்பதைத்தான் சொல்கிறது, என்ன வேலை என்பதை அல்ல. உங்களுக்குத் தெரிந்த வேலையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அதில் 'ரிமோட்' எது என்று பிரித்துக்கொள்ளலாம். நான் 'கணக்கு எழுதுபவர்' என்று தேடத் தொடங்கிய பிறகுதான் நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வந்தது. வீடியோவில் இரண்டு சுற்று. வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஒரு தேர்வு. எல்லாம் முடிய 40 நாள் ஆனது. அரை மணி நேர அரட்டையில் வேலை தருகிறேன் என்பவரிடம் நான் இனிப் பேச்சே வைத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த 40 நாளில் பாதி என் பழைய அலுவலகத்தால் போனது. அனுபவச் சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தார்கள். எட்டு வருடம் உழைத்தவளுக்கு ஒரே ஒரு தாள். கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில்கூட இல்லை. புது நிறுவனம் பொறுத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம். வேலையை விடுவதாக இருந்தால், கடைசி நாளே அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.

டேட்டா என்ட்ரி எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா, மின்னஞ்சல் அந்த முகவரியிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். தளம் எப்போது பதிவானது என்பதை இணையதளப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பல வருட நிறுவனம் என்பவர்களின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் விலகிவிடுங்கள். அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில், மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், வாடிக்கையாளர் பணத்தைத் தளத்திடம் செலுத்திவிட்டாரா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். டெலிகிராமுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

நீங்கள் முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதவில்லையே. கணக்கு சம்பந்தப்பட்டது என்றால் சொல்லுங்கள், எனக்கு வைத்த தேர்வு எப்படி இருந்தது என்று விரிவாக எழுதுகிறேன்.