அறுவை சிகிச்சைக்கு முன் நண்பர்களிடம் என்ன கேட்பது?

நடுத்தர வயதில் அறுவை சிகிச்சையை எதிர்கொள்வோரும் அவர்களுடைய நண்பர்களும் எழுதிய கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 51. தனியாக வசிக்கிறேன். கருப்பையில் நார்க்கட்டிகள் பெரிதாகி, அதிக உதிரப்போக்கினால் இரத்தசோகையும் வந்துவிட்டதால், கருப்பையை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். உடன்பிறந்தவர்கள் வெகு தொலைவில் இருக்கிறார்கள். படிக்கும் காலத்திலிருந்து பழகும் நான்கு தோழியர், "எது வேண்டுமானாலும் சொல்" என்கிறார்கள். அவர்களுக்கும் வேலை, குடும்பம் என்று ஆயிரம் இருக்கும்போது வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகவே புரிகிறது. என் 49-ஆம் வயதில் இதே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, இரண்டு வாரங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரவுகளில் தூக்கமின்றி நான் பட்ட பாடு, பின்னர் தையல் வலியால் பட்ட பாட்டைவிடப் பெரிது.

"எது வேண்டுமானாலும் சொல்" என்பவர்கள் மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பொதுவாக "உதவி செய்" என்று கேட்கத்தான் நா எழாது. "செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடியுமா?" என்று நாளும் நேரமும் வேலையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்; கேட்பதும் எளிது, முடியாவிட்டால் முடியாது என்று சொல்வது அவருக்கும் எளிது. நால்வருக்கும் ஒரே வேலையைக் கொடுக்க வேண்டாம். பதற்றமில்லாதவர் மருத்துவரைப் பார்க்கும்போது உடன் வரட்டும். தொலைபேசியில் பேசச் சலிக்காதவர், நலம் விசாரிப்பவர்களுக்கெல்லாம் உங்கள் சார்பில் பதில் சொல்லட்டும். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் ஒரே செய்தியை இருபது பேரிடம் சொல்லும் தெம்பு உங்களுக்கு இருக்காது. இரவு தங்கக்கூடியவர் யார் என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொது மயக்க மருந்து பெற்றவர் முதல் 24 மணி நேரமாவது தனியாக இருக்கவோ வண்டி ஓட்டவோ கூடாது என்பதால், அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புவதானால் இது மிக அவசியம்.

எத்தனை நாள் உதவி தேவைப்படும் என்பது அறுவை சிகிச்சையின் முறையைப் பொறுத்தது. வயிற்றைத் திறந்து செய்தால் முழுமையாகத் தேற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். சிறு துளைகளிட்டுக் கருவிகளை உள்ளே செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையிலோ பிறப்புறுப்பு வழியாகவோ செய்தால் பெரும்பாலும் அதைவிட விரைவில் தேறிவிடலாம். எதுவானாலும் கனமான பொருள்களைத் தூக்குவதைச் சில வாரங்கள் தவிர்க்கச் சொல்வார்கள். முதல் மூன்று நாள்கள் எல்லாரும் வருவார்கள். மூன்றாம் வாரத்தில்தான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே ஒருவரையாவது மூன்றாம் வாரத்திற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

நாள் குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கருப்பையை அகற்றுவது தவிர, கட்டிகளை மட்டும் நீக்குவது, கட்டிகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை அடைப்பது, ஹார்மோன் சுரக்கும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்துவது போன்ற வழிகள் உங்களுக்குப் பொருந்துமா? மாதவிடாய் நின்றபின் இக்கட்டிகள் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்பதால், உங்கள் வயதில் இதைக் கேட்பதில் தவறில்லை. இரண்டாவது, சினைப்பைகளையும் எடுக்கப் போகிறார்களா? எடுத்தால் மாதவிடாய் நிற்கும் நிலை உடனடியாக வந்துவிடும். அதற்கு மனத்தளவிலும் தயாராக வேண்டியிருக்கும்.

அறுவை அரங்கிற்குள் செல்லும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததும் எல்லா முகங்களும் கலங்கிவிட்டன. என் பெயர் என்ன, எதற்கு அறுவை சிகிச்சை என்று அடுத்தடுத்து பல பேர் கேட்க, இவர்களுக்கே தெரியாதோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, மயக்க மருந்து கொடுக்கும் முன்பும், தோலைக் கீறும் முன்பும், அரங்கைவிட்டு வெளியேறும் முன்பும் இவ்வாறு உறுதிசெய்வது நம் பாதுகாப்புக்காகவே என்று பின்னர்தான் அறிந்தேன். கதவு வரை வந்த தோழி, நான் பார்க்கும் அளவுக்குத் தன் முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்து, "கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது, கண் விழித்ததும் நானே மாட்டிவிடுகிறேன்" என்றாள். அன்று எனக்கு வேறு எந்த ஆறுதலும் தேவைப்படவில்லை.

கேள்வி: மருத்துவரைப் பார்க்கும்போது நண்பரை உள்ளே அழைத்துச் சென்றால் மருத்துவர் தவறாக நினைப்பாரா?

பதில்: நினைக்க மாட்டார். "இவர் என் நண்பர், இவர் முன்னால் எல்லாவற்றையும் பேசலாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும், நண்பர் எழுதிக்கொள்ளட்டும். வெளியே வருவதற்கு முன், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களிலேயே மருத்துவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். விடுபட்டது எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வயது 48. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பித்தப்பையில் கற்கள் இருப்பதால் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. நண்பர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லி, "மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிடு" என்கிறார் ஒருவர், "எதையும் நிறுத்தாதே" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒருவருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சிலர் நிறுத்த வேண்டும், சிலர் நிறுத்தவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலையும் விழுங்க வேண்டும், சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். நீங்கள் உட்கொள்ளும் எல்லாவற்றையும், மூலிகை மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு மயக்க மருந்து நிபுணரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஆடும் பல், பொய்ப்பல், பலத்த குறட்டை, முன்பு மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்கேனும் ஏற்பட்ட தொல்லை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்களுக்கென்று வேறு நேரம் சொன்னால் அதுவே முடிவானது.

நண்பர்கள் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. நீங்கள் புகைப்பவராக இருந்தால், இன்றே நிறுத்துங்கள். குறைந்தது நான்கு வாரங்களாவது புகைக்காமலிருந்தால் நுரையீரல் தொல்லைகளும் காயம் ஆறுவதில் ஏற்படும் சிக்கல்களும் குறையும். உங்களோடு சேர்ந்து புகைக்கும் நண்பர் அந்த நான்கு வாரங்கள் தாமும் நிறுத்துவாரானால், அதைவிடப் பெரிய உதவியை அவரால் செய்ய முடியாது.

கேள்வி: என் நண்பருக்கு 54 வயது. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் அவர் எரிந்து விழுகிறார், தொலைபேசியை எடுப்பதில்லை, வெளியே வர மறுக்கிறார். நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?

பதில்: நீங்கள் தவறு செய்ததாகத் தோன்றவில்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு பலருக்கு வருகிறது. உடல் தேறியபின்னும் அது நீடிப்பதுண்டு. நெஞ்செலும்பு முழுமையாகக் கூடவே இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். இருமினாலும் தும்மினாலும் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவரை குடும்பத்தைச் சுமந்த மனிதர் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கோபம் உங்கள் மீதானதல்ல.

"தைரியமாக இரு" என்று சொல்லாதீர்கள். அது அவர் வாயை அடைத்துவிடும். எதிர்பார்ப்பு ஏதுமின்றி அருகில் போய் அமருங்கள். மருத்துவர் அனுமதித்திருந்தால், தினமும் ஒரே நேரத்தில் சேர்ந்து நடக்க அழையுங்கள். அவர் வராத நாளிலும் அதே நேரத்திற்குப் போய் நில்லுங்கள். நடக்கும்போது மூச்சுத் திணறினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தையல் சிவந்து சீழ் கோத்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலும் தூக்கம் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் இருந்தால், இதையும் அவருடைய மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இதற்கும் சிகிச்சை இருக்கிறது. உயிர் வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல் பேசினாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். அவர் தாமாகப் போக மாட்டார். அவர் மனைவியிடமும் கலந்து பேசி, நீங்களே நேரம் வாங்கிவிட்டு, "வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டியோடு வருகிறேன், சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இரு" என்று சொல்லுங்கள்.