அன்றாடத்தின் படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மதுரையில் வசிக்கிறேன். காலை நடையின்போது கைபேசியில் படம் எடுப்பது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. மாசி வீதிகள், வைகைக் கரை, பூக்கட்டும் பெண்கள், டீக்கடை, யானைமலை மேல் இறங்கும் மேகம் என்று கண்ணில் படுவதையெல்லாம் எடுக்கிறேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சூரிய உதயத்துக்கு மட்டும் பாராட்டு வருகிறது. தெருப் படங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. "வெளிச்சம் சரியில்லை, படம் சாய்ந்திருக்கிறது, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று என் மகன் கேட்கிறான். சென்ற மாதம் பூ விற்கும் அம்மா ஒருவர், "என்னை எதுக்குப் படம் பிடிக்கிறீக?" என்று கோபித்துக்கொண்டார். என்னைப் போல முறையாகக் கற்காதவர்கள் எடுக்கும் படங்களைப் பொதுவில் பகிர்வதில் பொருள் உண்டா? உண்டென்றால் எப்படிப் பகிர வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பகிருங்கள். குறிப்பாக, யாரும் பொருட்படுத்தாத அந்தத் தெருப் படங்களைப் பகிருங்கள். அதற்கான காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படம் எடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் ஆகியவற்றோடு, கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தையும் எடுத்தார். அவரும் முதலில் ஆர்வத்தால் கேமராவைத் தூக்கியவர்தான். 1854-இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தம் விருப்பத்தின் பேரில் எடுத்து, மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். அதன் பிறகே சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரையின் கட்டடங்கள் அன்று இருந்த நிலையை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அவருடைய படங்கள் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும், அதற்குள் நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். ஆகவே கல்லும் கோபுரமும் துல்லியமாகக் கிடைத்த அந்தப் படங்களில், அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அநேகமாகக் கிடைக்கவில்லை.

அதே புது மண்டபத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாயக்க மன்னர்களின் சிலைகள் நிற்கும் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடின. வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் அந்த இருட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தன. சித்திரைத் திருவிழா நெருங்கும்போது, அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் பூணுகிறவர்களுக்கான உடைகளை அங்கேதான் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். 2018 பிப்ரவரி 2 அன்று கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலை ஒட்டிய கடைகளை அகற்றும் முயற்சி வலுத்து, புது மண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அது நல்லது என்பதே என் கருத்து; சிற்பங்கள் மூச்சுவிடட்டும். ஆயினும் தலைமுறைகளாக அங்கே நடந்த ஒரு வாழ்க்கை அந்த இடத்திலிருந்து போய்விட்டது. சிற்பத்தை எடுக்க வந்த தேர்ந்த கலைஞர்களுக்குத் தையல் இயந்திரம் இடைஞ்சலாகவே இருந்திருக்கும்; அதை விலக்கித்தான் அவர்கள் படம் எடுத்திருப்பார்கள். துணி தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் சும்மா ஒரு படம் எடுத்தவர்களிடம்தான் அந்தப் புது மண்டபம் இன்று இருக்கும். அவர்களில் எத்தனை பேர் அதைப் பழைய கைபேசியோடு தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உங்கள் மகன் சொல்லும் குறைகளில் பாதி பின்னால் சரிசெய்யக்கூடியவை. சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம். படம் எடுத்த அன்று எழுதிக்கொள்ளாத விவரத்தைத்தான் பின்னால் எவராலும் சேர்க்க முடியாது. பூ விற்கும் ஒருவரின் படத்துக்கு "மதுரை மல்லி" என்று மட்டும் பெயர் வைத்தால் அது நாள்காட்டிப் படமாகத்தான் நிற்கும். எந்த வீதி, எந்தத் தேதி, மணி என்ன, அன்று முழம் என்ன விலை, கட்டியது வாழை நாரிலா நூலிலா, மொட்டு மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்ததா, நேராகத் தோட்டத்திலிருந்தா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ விலை ஆயிரங்களுக்கு ஏறும் பூ அது. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே கடையில் எடுத்த இரண்டு படங்களில் கூடையின் நிரம்பலும் எழுதி வைத்த விலையும் சேர்ந்தால், இந்த ஊரின் பூ வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு அதுவே ஆவணம். சந்தைக்குத் தினமும் நடந்து போகிற ஒருவரால் மட்டுமே அதை எடுக்க முடியும்.

இயற்கைக் காட்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதயத்தின் நிறத்தைவிட, மாறிக்கொண்டிருக்கும் நிலத்தையே நீங்கள் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏ.வி. பாலத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து வைகையை மாதம் ஒரு முறை எடுங்கள். அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஓடும் நாளும், மணலில் செடி மண்டிக் கிடக்கும் நாளும் ஒரே கோணத்தில் பதிவாகட்டும். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகள் முன்பு எப்படி இருந்தன என்று காட்ட, எத்தனை ஊர்களில் ஒரு நல்ல படமாவது இருக்கும்? மேலூர் அருகே குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்து, மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானது. காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஒரு மலையை நாம் படமெடுக்காமல் விட முடியாது. யானைமலையை மேகம் இல்லாத நாட்களிலும் எடுங்கள்.

பூ விற்கும் அம்மாவின் கோபம் நியாயமானது. பொது இடத்தில் நின்றுதானே எடுத்தோம் என்று சட்டம் பேசலாம். ஆனால் உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தன் முகம் எங்கே போகப் போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. கூட்டத்தில் ஒருவராக வருகிறவரிடம் கேட்க வேண்டியதில்லை. முகமே படத்தின் பொருளாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்பதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்; முன்பே எடுத்திருந்தால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். சம்மதித்தால் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். விலையும் சந்தை விவரமும் அப்போது தானாகப் பேச்சில் வரும். ஆற்றில் குளிப்பவர்களையும், தெருவோரத்தில் உறங்குகிறவர்களையும், பெற்றோர் அறியாமல் குழந்தைகளையும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அந்தப் படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது பகிரத் தக்கதில்லை.

இனிப் பகிரும் முறை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். கேமரா படத்துக்குள் பதிந்து வைத்த தேதியும் இடமும்கூட நீங்கிவிடும். குழுவில் பார்த்து மகிழ அது போதும், பாதுகாக்கப் போதாது. மூலக் கோப்பைக் கணினியிலும், தனியாக ஒரு வன்தட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் வைக்க என் பரிந்துரை விக்கிமீடியா காமன்ஸ். 2004-இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் முழு அளவுப் படத்தை ஏற்றி, விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கும் அங்கிருந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ஏற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எடுத்த படத்தின் காப்புரிமை உங்களுடையது. இந்தியச் சட்டப்படி அது உங்கள் வாழ்நாள் முழுதும், அதன் பிறகு அறுபது ஆண்டுகளும் நீடிக்கும். காமன்ஸில் ஏற்றும்போது, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைக் கொடுக்கிறீர்கள். வணிகப் பயன்பாடும் அதில் அடங்கும், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியாது. அது சம்மதமில்லை என்றால் அந்தப் படத்தை ஏற்ற வேண்டாம். வீட்டிலும் வீட்டு வாசலிலும் எடுத்தவற்றை எங்கே வெளியிட்டாலும், முதலில் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

முதலில் பத்துப் படங்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதி ஏற்றிப் பாருங்கள். நான்கு வரி எழுத வராத படம் இருந்தால், மறுநாள் காலை நடையில் அந்த இடத்துக்கே போய், அங்கிருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து ஏற்றுங்கள்.