1000 யார்டு கருவி 350 யார்டிலேயே திணறுகிறதா?

வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா புல்வெளியில் வேட்டையின்போது 350 யார்டில் நின்ற மானுக்கு உங்கள் ரேஞ்ச்ஃபைண்டர் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) ஒருமுறை 62 யார்டு என்றும், அடுத்தமுறை வெறும் கோடும் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 யார்டு பெரும்பாலும் பளபளப்பான பலகைக்கான கணக்கு. மான் தோல் ஒளியை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது. மானுக்கு அதில் பாதி தூரம் கிடைத்தாலே நல்ல கருவி. உச்சி வெயிலில் அதுவும் குறையும்.

அந்த 62 எங்கிருந்து வந்தது? உங்களுக்கு முன்னால் இருந்த புல் நுனியிலிருந்து. லேசர் ஊசி மாதிரி போவதில்லை, விரிந்துகொண்டே போகும். 2 மில்லிரேடியன் விரிவு (ஒரு மீட்டர் தூரத்துக்கு 2 மி.மீ.) என்றால் 400 மீட்டரில் கற்றை 80 செ.மீ. அகலம். மெனுவில் முதல் இலக்கு, கடைசி இலக்கு என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். முதலாவது அருகில் இருப்பதைக் காட்டும், கோல்ஃப் கொடிக்கு ஏற்றது. உங்களுக்குப் புல்லைத் தாண்டித் தொலைவில் இருப்பதைக் காட்டும் கடைசி இலக்குதான் வேண்டும்.

அப்புறம், கையில் பிடித்தபடி அளக்காதீர்கள். முதுகுப்பையின் மேல் ஊன்றி மூன்று தடவை அழுத்துங்கள். எண்கள் ஒத்துவந்தால் மட்டும் நம்பலாம். நான் மான் வருவதற்கு முன்பே பாறை, வேலிக்கம்பம் எல்லாவற்றையும் அளந்து சின்ன அட்டையில் குறித்துவிடுவேன். மான் வந்த பிறகு கை நடுங்கும், பாருங்கள்!

சரிவில் சுடுவதானால் கோணத் திருத்தம் அவசியம்: 30 டிகிரியில் 400 என்று காட்டினால், 346-க்கு வைத்துச் சுட வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள்.