பி.எட்.டா, பிஎச்.டி.யா? கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

போன சனிக்கிழமை குன்னூரில் என் எதிரே உட்கார்ந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தப் படிப்பு எப்பத்தான் முடியும்?" கோத்தகிரி பஸ் கிளம்பப் போகிறது என்ற அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை எழுதியே அனுப்புகிறேன், வீட்டில் எல்லோரும் படிக்கலாம்.

மகள் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. எம்.எஸ்சி. முடித்து பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். பி.எட். படித்தால் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட வேலை என்பது உங்கள் கணக்கு. உங்கள் அண்ணன் ஊட்டி இந்துநகர் பிலிம் ஃபேக்டரியில் இருந்தவர் என்றும், கெமிஸ்ட்ரியை நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம் என்றும் சொன்னீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 1967ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையை விழுங்கியது கடனும் வெளிநாட்டுப் போட்டியும், கடைசியில் டிஜிட்டல் கேமராவும். கிராக்கி போனது பிலிம் சுருளுக்கு, கெமிஸ்ட்ரிக்கு அல்ல. வெளிச்சம் பட்டால் ஒரு பொருளுக்குள் என்ன நடக்கிறது என்ற அதே கேள்வியைத்தான் இன்று சோலார் செல் ஆராய்கிறவர்கள் கேட்கிறார்கள்.

அது என்ன பிசிக்கல் கெமிஸ்ட்ரி என்றும் கேட்டீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதியாக இருக்கும் சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். ஆனால் தழையை நீராவியில் வேகவைத்தால் 100 டிகிரிக்குக் கீழேயே தைலம் ஆவியோடு சேர்ந்து வந்துவிடுகிறது. எப்படி? தண்ணீரும் தைலமும் போல ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களும் தத்தம் ஆவியழுத்தத்தை, அதாவது ஆவியாகி வெளியே தள்ளும் அழுத்தத்தை, தனித்தனியாகக் காட்டும். இரண்டும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிய உடனே கொதி வந்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெறும் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பருப்பு வேக குக்கர் இல்லாமல் முடியாது என்று நாம் அலுத்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம். ஏன் நடக்கிறது, எவ்வளவு வேகத்தில் நடக்கிறது, எதுவரை போகும் என்று கேட்பதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் பாடம்.

இதில் எல்லாமே கணக்கு. பெண்ணுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன், அது முகத்திலேயே தெரிகிறது. அவளுக்குத் துணைப்பாடம் கணிதமா, விலங்கியலா? கணிதம் என்றால் எத்தனை மதிப்பெண்? பி.எஸ்சி.யில் மனப்பாடத்திலேயே தப்பித்த பிள்ளைகள் எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் குவாண்டம் பாடம் வந்ததும் திணறுவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் மக்குகள் இல்லை. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை யாரும் பொறுமையாகச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் உட்கார்ந்தால் சரிசெய்யக்கூடிய குறை இது. ஆனால் சேர்வதற்கு முன்னால் உட்கார வேண்டும்.

இப்போது வருடக் கணக்கு. எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்து வருடம் என்று வையுங்கள். அப்புறம் வேறொரு லேபில் போஸ்ட் டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை, இரண்டு மூன்று வருடம். நல்ல நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். பலர் வேதியியல் விஞ்ஞானி சி.என்.ஆர். ராவைக் காட்டி ஊக்கப்படுத்துவார்கள்: 1951ல் பி.எஸ்சி., 1958ல் அமெரிக்காவின் பர்டூவில் பிஎச்.டி., 1959ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) வேலை, 2014ல் பாரத ரத்னா. இருபத்தைந்து வயதில் வேலைக்கு வந்துவிட்டார். அந்தக் காலம் வேறு, அந்த மனிதரும் வேறு. அவரை அளவுகோலாக வைத்தால் பெண்ணுக்கு மனச்சோர்வுதான் மிஞ்சும்.

நான் காட்டுவது சாருசீதா சக்ரவர்த்தியை. 1964ல் பிறந்தவர். டெல்லியில் பி.எஸ்சி., கேம்பிரிட்ஜில் பிஎச்.டி., அதன்பின் போஸ்ட் டாக் என்று அலைந்து 1994ல் ஐஐடி டெல்லியில் சேர்ந்தார். தண்ணீர் போன்ற திரவங்களின் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டவர். 2009ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது. 2016ல் காலமாகிவிட்டார். பி.எஸ்சி. முடித்த பெண் கிட்டத்தட்ட முப்பது வயதில் நிலைக்கு வருவது இந்தத் துறையில் தாமதமே இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, அதுவரை யார் சோறு போடுவது? இதைத்தான் நீங்கள் கேட்காமல் கேட்டீர்கள். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டிலிருந்து ஒரு ரூபாய் அனுப்ப வேண்டியதில்லை. ஃபெல்லோஷிப் இல்லாமல் பிஎச்.டி.யில் சேர விடவே விடாதீர்கள். இதை நான் பட்டுச் சொல்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். உதவித்தொகை "அடுத்த வருஷம் வந்துடும்" என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தேன். மூன்றாம் வருடம் கைடு (ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர்) ஓய்வு பெற்றார், புதிதாக வந்தவர் தலைப்பையே மாற்றினார். அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. அதனால் கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை பேப்பர் போட்டிருக்கிறார் என்பதைவிட, ஓய்வுக்கு எத்தனை வருடம் பாக்கி, கடைசியாக முடித்த மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன். லேபில் உள்ள சீனியர்களிடம் தனியாக டீ குடித்தபடி கேட்டால் உண்மை வரும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஜாம் தேர்வு. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர அதுதான் வழி. வழக்கமாக செப்டம்பரில் விண்ணப்பம் திறப்பார்கள், தேர்வு பிப்ரவரியில். கடைசி வருடத்தில் இருப்பவர்களே எழுதலாம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். கிடைக்கவில்லை என்றாலும் ஒன்றும் குடிமுழுகாது: மதுரை காமராசர் பல்கலையில் பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கென்றே தனித் துறை இருக்கிறது. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் நிறுவனம் அது. பேட்டரி, துருப்பிடித்தல் என்று அவர்கள் செய்வதெல்லாம் பிசிக்கல் கெமிஸ்ட்ரியின் கைவேலைதான். ஆராய்ச்சிக்குக் கோத்தகிரிப் பெண் கோத்தகிரியிலேயே இருக்க முடியாது. இதை மட்டும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். பற்றி. பி.எஸ்சி.யோடு பி.எட். என்றால் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி. முடித்து பி.எட். என்றால் முதுகலை ஆசிரியர் பணிக்கே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வை எழுதலாம். ஆக எம்.எஸ்சி. போவதால் பி.எட். கை நழுவாது, இரண்டு வருடம் தள்ளிப்போகும். எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால், நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில் தேறிக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கும் போகலாம். அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அரசுக் கல்லூரி நியமனம் ஆமை வேகம். கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் எனக்கே தெரிந்தவர்கள் பலர். அதை மறைத்து உங்களை அனுப்ப மாட்டேன்.

கல்யாணப் பேச்சையும் எடுத்தீர்கள். அதில் நான் தலையிடுவதில்லை. ஜாம் முடியும் வரை பெண் பார்க்க யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

செவ்வாய்க்கிழமை தேயிலை எடை போடுகிற நாள் என்றீர்கள், அப்படியானால் புதன்கிழமை வாருங்கள். முதல் நான்கு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அவளும் வரட்டும். இந்த முறை அவள் பேசட்டும், நாம் இருவரும் கேட்போம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது, காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.